வெள்ளைத் தூள் போடாத ஒன்பது நாட்கள்

தோட்டப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு உதவியில் குடிநீர்க் குழாயும் புது வகுப்பறைகளும் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. போன மாதம் இளம் ஆசிரியர்கள் சிலர் வீட்டுக்கு வந்து, அப்படியொரு குழாய் இந்தப் பக்கத்தில் முதலில் வந்தது என்னுடைய பள்ளிக்குத்தான் என்பதால் அந்த அனுபவத்தைத் தங்கள் மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். சரி என்றேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பவளம் என்ற பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இது மூன்றாவது முறை.

நான் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையின் மகளாகப் பிறந்தவள். நாங்கள் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். தோட்டத்து வழக்கில் வேதக்காரர்கள். அட்டனில் மிஷன் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, இரண்டு பள்ளிகளில் உதவி ஆசிரியையாக இருந்துவிட்டு, நாற்பத்தெட்டில் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டப் பள்ளிக்குத் தனி ஆசிரியையாகப் போனேன். அந்த வருடம்தான் என் ஒரே மகள் ரூபி பிறந்தாள். அந்த வருடம்தான் எங்கள் தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டின் பிரஜைகள் இல்லை என்று சட்டமும் வந்தது. அதன் பிறகு ஊர்ப் பள்ளிகளுக்குக் கிடைத்த கட்டடமும் கிணறும் தோட்டத்துக்குள் வரவில்லை. தோட்டம் அதை நடத்தும் துரையின் பொறுப்பு என்று அரசாங்கம் இருந்துவிட்டது. என் கணவர் ரயில்வேயில் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். பள்ளிக்கு ஒட்டியிருந்த இரண்டு அறை வீட்டில் நானும் குழந்தையும்.

பள்ளி என்றால் தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். ஒரு பக்கம் அரிவரி, மறுபக்கம் ஐந்தாம் வகுப்பு. ஆண் பிள்ளைகள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் ஒன்பதரை, பத்துக்கு நனைந்த பாவாடையோடு வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். தாய்மார் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலைக்கு ஏறிவிட, குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பெண் பிள்ளைகளின் வேலை. தண்ணீர் விழும் பீலி பள்ளத்தில் இருந்தது. இரண்டு நடை போனால் காலை முடிந்துவிடும். பெண் பிள்ளைகளை ஏன் அனுப்புவதில்லை என்று கேட்டு நான் லயம் லயமாக அலைந்த வருடங்களில், மீனாச்சி என்ற கொழுந்து பறிக்கும் பெண் சொன்ன பதில் நினைவிருக்கிறது.

"நீங்க பீலிய பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டு வாங்க டீச்சரம்மா, நான் புள்ளைய அனுப்புறேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுடைய மகள்தான் பவளம்.

சில வருடங்களுக்குப் பிறகு பீலி உண்மையாகவே பள்ளிக்கு வந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு திருச்சபைக் குழுவினர் ஏழை நாடுகளில் தண்ணீருக்கும் படிப்புக்கும் உதவுகிறார்கள் என்று எங்கள் போதகர் சொல்ல, அவர் மூலம் நான் ஒரு கடிதம் எழுதினேன். ஒரு வருடம் கழித்து ஒரு பொறியியலாளரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். அட்டைக்கடியில் இரத்தம் ஒழுக ஒழுக மலையெல்லாம் ஏறி இறங்கினார்கள். பள்ளிக்கு மேலே ஒரு ஊற்று இருந்தது. அதைச் சுற்றித் தொட்டி கட்டிக் குழாய் இறக்கலாம் என்று முடிவு செய்தார்கள். துரையைக் கேட்டார்கள், தோட்டத்து டாக்டரைக் கேட்டார்கள், என்னைக் கேட்டார்கள். தண்ணீர் சுமப்பவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த ஊற்றில்தான் ஒவ்வொரு வருடமும் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கிறார்கள், குடத்தில் தண்ணீர் மொண்டு அம்மனை இறக்குகிறார்கள் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். எனக்கும் அது தெரியாது. திருவிழா நாட்களில் நான் வீட்டுக்குள் இருந்துவிடுவேன்.

குழாய் வந்தபோது, வெள்ளைக்காரன் தண்ணீரைக் குடித்தால் வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு கதை பரவியது. முதல் மாதம் ஒருவரும் குடத்தோடு வரவில்லை. கோயில் தலைவர் பழனியாண்டிக் கங்காணிதான் ஒருநாள் எல்லோரும் பார்க்க வந்து, குழாயடியில் இரண்டு கை அள்ளிக் குடித்து, நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்து, "அழியலையே" என்றார். அன்று மாலையே குடங்கள் வரிசைக்கு வந்தன. பெண் பிள்ளைகள் குடத்தோடு வருவார்கள், வகுப்பில் இருப்பார்கள், போகும்போது நிரப்பிக்கொண்டு போவார்கள். குழாய் வந்த மூன்றாம் வருடம் ஐந்தாம் வகுப்பில் முதன்முறையாகப் பெண்கள் வரிசை என்று ஒன்று இருந்தது. பவளமும் என் ரூபியும் அதில் ஒரே வாங்கில் உட்கார்ந்தார்கள். பவளம் வாய்ப்பாட்டை என்னைவிட வேகமாகச் சொல்லுவாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல் விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்வாள்.

இளம் ஆசிரியர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, தண்ணீரில் கிருமியைக் கொல்லத் தூள் போடும் முறை. அதை எனக்குக் கற்றுத் தந்தவர் தோட்டத்து டாக்டரையா. யாழ்ப்பாணத்துக்காரர், உண்மையில் மருந்தாளர்தான், ஆனால் எல்லோருக்கும் அவர் டாக்டர். காலையில் பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாளியில் அளவாக வெள்ளைத் தூளைக் கரைக்க வேண்டும். வெள்ளை அடியில் படியும்வரை காத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி மூடியை இறுக்க வேண்டும். அரை மணி கழித்துக் குழாயடியில் சிறு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்து சில சொட்டு விட வேண்டும். மஞ்சள் பிடித்தால் குடிக்கலாம். பிடிக்காவிட்டால் இன்னும் தூள் வேண்டும். மழை பெய்தால் அளவைக் கூட்ட வேண்டும். ஏனென்றால் ஊற்றுக்கு மேலே புது லயம் கட்டியிருந்தார்கள். அந்த லயத்துக்குக் கக்கூஸ் கட்டித் தருவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார், கட்டவில்லை. உதவிக்காரர்களின் திட்டத்தில் தொட்டியும் குழாயும் இருந்தன, கக்கூஸ் இல்லை. மழை வந்தால் மேலே இருப்பதெல்லாம் கீழே வரும்.

டாக்டரையா யாரையும் ஏசியதில்லை. கேள்வி கேட்பார், பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே பதில் வரும்வரை இருப்பார். அந்த அமைதி ஏச்சைவிடக் கஷ்டம். வாரத்தில் இரண்டு நாள் வந்து, "டீச்சர், இண்டைக்கு மஞ்சள் பிடிச்சதோ?" என்பார். ஆமாம் என்றால், "எவ்வளவு நேரம் பாத்தனீங்கள்?" என்பார். நான் ஒழுங்காகத்தான் செய்தேன். இரண்டு வருடம் ஒருநாள் தவறவில்லை. அவர் வெளியூர் போனால் தூள் பொறுப்பு முழுவதும் என்னுடையது. அலமாரிச் சாவி என் இடுப்பில்.

அந்த மூன்றாம் வருடம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள், டாக்டரையா விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தார். பழனியாண்டிக் கங்காணி நாலு பெரியவர்களோடு பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றபடியே பேசினார்.

"டீச்சரம்மா, காப்புக் கட்டினதுலருந்து கரகம் இறக்குற வரைக்கும் ஊத்துல மருந்து விழக்கூடாதுங்க. ஆத்தா எறங்கி வர்ற தண்ணி."

போன இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பள்ளத்துப் பீலியில் பாலித்ததாகவும், இரண்டு வருடமும் தோட்டத்தில் அம்மை வந்ததாகவும் சொன்னார்கள். அம்மை போட்ட வீட்டுக்குள் மருந்தைக் கொண்டுபோக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தூளின் மணம் அவர்களுக்கு ஆஸ்பத்திரி மணம்.

"ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரி வாசம் ஆகாதுங்க" என்று கங்காணி சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஒன்பது நாளு. அப்புறம் நீங்க ஒரு மூட்டை கொட்டுங்க, நான் கேக்க மாட்டேன்" என்றார்.

வேண்டுதலாகத்தான் கேட்டார். ஆனால் பின்னால் நின்றவர்களின் முகம் வேறாக இருந்தது. முடியாது என்று நான் சொன்னால் அது டீச்சர் சொன்னதாக இருக்காது, வேதக்காரி சொன்னதாகிவிடும். குடங்கள் வராது. குடங்கள் வராவிட்டால் அந்தப் பெண்கள் வரிசையும் வராது. இதையெல்லாம் நினைத்துத்தான் சரி என்றேன். அதுவரையில் நான் செய்ததை இன்றைக்கும் என்னால் ஓரளவு நியாயப்படுத்த முடிகிறது. அதன் பிறகு செய்ததைத்தான் முடியவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து மழை. தென்மேல் காற்று அந்த முறை முன்பே வந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். லேசாகக் கலங்கல், பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது. அலமாரி வரைக்கும் போனேன். சாவியைப் போட்டுத் திறக்கவும் செய்தேன். மேட்டில் கோயில் பறை கேட்டது. திரும்பப் பூட்டினேன்.

வீட்டுக்குள் வந்து அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஒரு போத்தலில் ஊற்றி ரூபியின் பையில் வைத்தேன். சளி பிடித்திருக்கிறது, ஐந்து நாளைக்கு இதைத்தான் குடிக்க வேண்டும் என்றேன். யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். பிறகு மணியடித்துப் பள்ளியைத் திறந்தேன்.

அன்றைக்கு வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். இடைவேளையில் எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன தடை? அம்மன் தண்ணீரை வேதக்காரி காய்ச்சச் சொல்கிறாள் என்பார்கள் என்று நினைத்தேன். மழைக்காலத்தில் லயத்தில் விறகு ஏது என்று நினைத்தேன். சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்படி அவர்களுக்காக நானே எல்லாப் பதிலையும் யோசித்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள்வரை அதே போத்தல், அதே வாசல்.

திருவிழா நன்றாக நடந்தது. ஊற்றடியில் கரகம் பாலித்துத் தூக்கியபோது கங்காணிக்கு அருள் வந்ததாகச் சொன்னார்கள். பத்தாம் நாள் காலையில் தூள் போட்டேன். குப்பியில் மஞ்சள் பிடித்தது. ஒன்றும் ஆகவில்லை என்று அன்று ஜெபம் செய்து நன்றி சொன்னேன்.

காய்ச்சல் ஒரு வாரம் கழித்துத் தொடங்கியது. முதலில் மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர், பிறகு பெண்கள் வரிசை. பவளம் இரண்டு நாள் காய்ச்சலோடேயே வந்தாள். மூன்றாம் நாள் வாங்கில் தலையைச் சாய்த்துவிட்டாள். நான்தான் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். கழுத்து அடுப்புக்கல் மாதிரி சுட்டது. மீனாச்சி மலையில் இருந்தாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். தோளில் கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள்.

டாக்டரையா அன்று மாலைதான் திரும்பியிருந்தார். பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் வந்தார். நெருப்புக் காய்ச்சல், இங்கிலீஷில் டைபாயிட் என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார். துரையிடம் போய் நின்று கொழுந்து லொறியை வாங்கினார். ஏழு பிள்ளைகளைச் சாக்கு விரித்துப் படுக்கவைத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆறு பேர் திரும்பி வந்தார்கள். பவளம் பன்னிரண்டாம் நாள் குடல் ஓட்டையாகி இறந்தாள். மீனாச்சி பக்கத்தில் இருந்தாள். நான் இல்லை. பள்ளிக்கூடத்தை மூட எனக்கு உத்தரவு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் டாக்டரையா பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பச் சொன்னார். கையில் ஒரு தாள். காய்ச்சல் கண்டவர்களின் பெயர்கள். ஒன்பது நாள் தூள் போடவில்லை என்பதை நானே முதலில் சொன்னேன். தலையை ஆட்டினார். கங்காணி ஏற்கெனவே அவரிடம் போய்ச் சொல்லி அழுதிருக்கிறார். பிறகு தாளில் ஐந்தாம் வகுப்புப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். ஐந்து பேர் இருந்த வாங்கில் நாலு பேருக்குக் காய்ச்சல்.

"உங்கட பிள்ளை எங்க தண்ணி குடிச்சவ?"

"வீட்டுத் தண்ணிங்க."

"காய்ச்சினதோ?"

"ஆமாங்க."

"எப்ப இருந்து?"

"அஞ்சாம் நாள்ல இருந்து."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெளியில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வெகு நேரம் துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, "நாளையில இருந்து ரெண்டு மடங்கு போடுங்கோ" என்றார். எழுந்து போய்விட்டார். பெருமழையில் ஊற்றுக்குள் அழுக்கு நீர் புகுந்தது என்றுதான் அவருடைய அறிக்கை போனது. அதில் பொய் இல்லை. அதன் பிறகு அவர் மாற்றலாகிப் போகும்வரை என்னிடம் மஞ்சள் பிடித்ததா என்று கேட்கவே இல்லை. தானே வந்து சோதித்துவிட்டுப் போவார்.

உதவிக் குழுவினர் மறுபடி வந்தார்கள். மிகவும் வருந்தினார்கள். மேல் லயத்துக்குக் கக்கூஸ் கட்டச் சொல்லித் துரையோடு வாதாடிக் கட்டவைத்தார்கள். தொட்டிக்கு வெளியே கரகத்துக்கென்று தனியாக ஒரு வாய்க்கால் விட்டார்கள். அதற்கு ஒரு பகல் வேலைதான் பிடித்தது. பள்ளிக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களும், என் சேவையைப் பாராட்டி ஒரு கடிதமும் அனுப்பினார்கள். கடிதத்தை என் கணவர் சட்டம் போட்டு மாட்டினார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

மீனாச்சி தன் அடுத்த இரண்டு பிள்ளைகளையும் என் பள்ளிக்கே அனுப்பினாள். அவர்களுக்கும் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். ரூபி வளர்ந்தாள். அவளுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் இரவெல்லாம் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்; அவளுக்கு அது எரிச்சல். "என்னாம்மா, எல்லாருக்கும் வர்ற காய்ச்சல்தானே" என்பாள். ஐம்பது வயதில் ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது அவள் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கு உதவி ஆசிரியையாகப் போகப் போகிறாள். அங்கேயும் குழாய் வருகிறதாம்.

இத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்தது போன மாதம் உடைந்தது. மீனாச்சி வீட்டுக்கு வந்தாள். குடும்பத்தோடு இந்தியா போகிறார்கள். கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை நான் நிரப்பித் தர வேண்டும். பேர், வயது, புருஷன் பேர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் என்ற இடம் வந்தது. இருக்கிற இரண்டு பேரையும் சொன்னாள். பிறகு, "போனதுகள எழுத எடம் இருக்குங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். பேனாவை வைத்துவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கலங்கியிருந்ததை, அலமாரியைத் திறந்து பூட்டியதை, ரூபிக்கு மட்டும் காய்ச்சிக் கொடுத்ததை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு ஏங்க சொல்லல?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் காச்சிருப்பேனே. நனஞ்சு போன வெறகா இருந்தாலும் ஊதி ஊதிக் காச்சிருப்பேன்."

கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன் என்று சொன்னேன்.

"அதான், நீங்க எங்கள கேக்கவே இல்லையேங்க."

ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற பரபரப்பில், அவர்கள் போன பிறகு பவளத்தின் குழியை நான் பார்த்துக்கொள்கிறேன், வருடா வருடம் புல் செதுக்கி வைக்கிறேன் என்றேன்.

"வேணாங்க டீச்சரம்மா. என் நாத்தனா இருக்கா, அவ பாப்பா." தாளை என் பக்கம் தள்ளினாள். "நீங்க எழுதுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எழுதி முடித்தேன். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். மையைத் தொட்டு அவள் இடது பெருவிரலை வைத்தாள். ஈரம் காயும்வரை தாளைக் கையில் பிடித்து ஊதிக்கொண்டு நின்றாள். பிறகு அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, கும்பிடாமல் படியிறங்கிப் போனாள்.